சர்ஜன் மீன் குஞ்சு: நிறம் ஏமாற்றும், வால் சொல்லும்

கடைத் தொட்டியில் பளிச்சென்ற மஞ்சளில் ஐந்து சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு மீன் நீந்துகிறது. "யெல்லோ டாங் சார், நேத்துதான் வந்தது" என்கிறார் கடைக்காரர். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் டாங் வகைகள் அடங்கிய சர்ஜன் மீன் குடும்பத்தில் குஞ்சுப் பருவத்தில் மஞ்சளாக இருக்கும் இனங்கள் பல. அலங்கார மீன் சந்தைக்கு வருபவற்றில் மட்டும் நான்கைச் சொல்லலாம்.

முதலாவது, ஹவாய்த் தீவுகளின் யெல்லோ டாங். இது வளர்ந்த பிறகும் மஞ்சளாகவே இருக்கும். நீளம் 20 சென்டிமீட்டர். இரண்டாவது, ஃபுளோரிடா, கரீபியன் பகுதிகளின் அட்லாண்டிக் புளூ டாங். குஞ்சில் எலுமிச்சை மஞ்சள். பிறகு உடல் நீலமாகி வால் மட்டும் சிறிது காலம் மஞ்சளாக நிற்கும். கடைசியில் வாலும் நீலமாகிவிடும். மூன்றாவது, ஆரஞ்சு ஷோல்டர் டாங். வளர்ந்தால் சாம்பல் கலந்த பழுப்பு உடல், செவுளுக்குப் பின்னால் ஓர் ஆரஞ்சுப் பட்டை, நீளமோ ஓரடிக்கு மேல். நான்காவது, சாக்லேட் சர்ஜன். இதன் குஞ்சு மஞ்சளாக இருப்பது வேறொரு மீனின் வேஷத்தில். அதைப் பற்றிக் கீழே.

ஒரே நிறத்தில் நிற்கும் நான்கு குஞ்சுகளுக்கும் வேண்டிய தொட்டி நான்கு அளவு. ஆகவே குஞ்சை வாங்குபவர் முதலில் கற்க வேண்டியது நிறத்தைத் தள்ளிவைத்துவிட்டு உடலைப் பார்க்கும் பழக்கம்.

வாலடியில் தொடங்குங்கள்

சர்ஜன் மீன்களில் எண்பதுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றைச் சேர்த்துக் கட்டும் அடையாளம் வால் துடுப்புக்குச் சற்று முன்னால், உடல் ஒடுங்கும் இடத்தில் இருக்கிறது. இரு பக்கமும் கூர்மையான ஒரு முள். பெரும்பாலான இனங்களில் அது ஒரு பள்ளத்துக்குள் மடங்கிக் கிடக்கும், மீன் வாலை வளைத்து அடிக்கும்போது வெளியே நீட்டிக்கொள்ளும். யெல்லோ டாங்கில் இந்த முள் வெள்ளை. மஞ்சள் உடலில் சிறிய வெள்ளைக் கீறலாகத் தெரியும். மூன்று சென்டிமீட்டர் குஞ்சிலும், மீன் பக்கவாட்டில் திரும்பும் ஒரு கணத்தில் பார்த்துவிடலாம்.

முள்ளின் எண்ணிக்கையும் அமைப்பும் அடுத்த தடயம். பக்கத்துக்கு ஒன்று, அதுவும் மடங்குவது என்றால் வீட்டுத் தொட்டிக்கு வரும் வழக்கமான டாங் வகைகளில் ஒன்று. மடங்காத தகடுகள் பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ இருந்தால் அது நாசோ எனப்படும் யூனிகார்ன் மீன் கூட்டம். இவற்றில் பல அரை மீட்டரை எட்டும். குஞ்சு எவ்வளவு அழகாக இருந்தாலும் வீட்டுத் தொட்டிக்கு ஏற்றதல்ல. மூன்று அல்லது அதற்கு மேல் தகடுகள் இருந்தால் அது சாடெயில், அதையும் விட்டுவிடலாம்.

அடுத்து முதுகுத் துடுப்பு. யெல்லோ டாங், செயில்ஃபின் டாங் ஆகியவை சேர்ந்த ஸீப்ராசோமா பேரினத்தில் துடுப்பு உயர்ந்து பாய்மரம் விரித்ததுபோல் நிற்கும். அதன் முன்புறத்தில் கெட்டியான முட்கள் நான்கோ ஐந்தோதான். முகம் நீண்டு குழாய்போல் குவிந்திருக்கும். அட்லாண்டிக் புளூ, ஆரஞ்சு ஷோல்டர், பவுடர் புளூ எல்லாம் சேர்ந்த அகாந்தூரஸ் பேரினத்தில் துடுப்பு தாழ்வு, முட்கள் பெரும்பாலும் எட்டு அல்லது ஒன்பது, முகம் மழுங்கல். நீந்தும் மீனில் முள்ளை எண்ண முடியாது. செல்பேசியில் நான்கைந்து படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் எண்ணிவிடலாம். அட்லாண்டிக் குஞ்சுக்குக் கூடுதலாக ஓர் அடையாளம் உண்டு: கண்ணைச் சுற்றி மெல்லிய நீல வளையம்.

வாயையும் பார்க்க வேண்டும். கோலே டாங், செவ்ரான் டாங் போன்ற பிரிஸ்டில்டூத் வகைகளின் உதடு தடித்து முன்தள்ளியிருக்கும். பற்கள் சீப்பின் பற்களைப்போல் மெல்லியவை, அசையக்கூடியவை. பாசியைக் கடித்து அறுப்பதைவிடப் பாறைமேல் படியும் மெல்லிய படலத்தை வாரித் தின்பதற்கே அவை ஏற்றவை. புதிதாக அமைத்த தொட்டியில் அந்தப் படலம் இருக்காது. எனவே இந்த வகைக் குஞ்சுகளைப் புதுத் தொட்டியில் விடக் கூடாது.

வேஷம் போடும் குஞ்சுகள்

சாக்லேட் சர்ஜன் குஞ்சு, லெமன்பீல் என்னும் குட்டி ஏஞ்சல் மீனைப்போலவே இருக்கும். லெமன்பீல் இல்லாத கடற்பகுதிகளில் அங்குள்ள வேறு குட்டி ஏஞ்சலின் சாயலை எடுத்துக்கொள்ளும். இந்தியப் பெருங்கடலில் இதே வேலையைச் செய்வது இதன் நெருங்கிய உறவான மிமிக் டாங்; அதன் குஞ்சு ஐப்லி ஏஞ்சலின் சாம்பல் உடலையும் ஆரஞ்சுக் கோடுகளையும் அப்படியே காட்டும். வட்டமான வால் உட்பட எல்லாம் பொருந்தும். வளர்ந்த பிறகுதான் வால் பிறைபோல் வளைந்து, உடல் பழுப்பாகி, உண்மை வெளிப்படும்.

இரண்டையும் பிரிக்கச் செவுள் மூடிக்குக் கீழே பாருங்கள். ஏஞ்சல் மீன்கள் எல்லாவற்றுக்கும் கன்னத்தின் கீழ்மூலையில் பின்னோக்கி நீண்ட ஒரு முள் உண்டு. வாலடியில் முள் கிடையாது. சர்ஜன் குஞ்சில் கன்னம் வழவழப்பு, முள் வாலடியில். குட்டி ஏஞ்சலின் முதுகுத் துடுப்பில் 13 முதல் 15 கெட்டி முட்கள் வரிசையாக நிற்கும் என்பதும் கூடுதல் சாட்சி. இந்தச் சோதனையைச் செய்யாமல் 14 சென்டிமீட்டரோடு நின்றுவிடும் ஏஞ்சல் என்று நம்பி வாங்குபவர், கடைசியில் 25 சென்டிமீட்டர் சர்ஜனுக்கு இடம் தேடுவார்.

தமிழகக் கடலோரத்தவர் இன்னொரு குழப்பத்தையும் அறிவார்கள். ஓரா மீன் குஞ்சும் தட்டையான உடல், சிறிய வாய், பாசி மேயும் பழக்கம் ஆகியவற்றால் சர்ஜனைப்போல் தோன்றும். அதற்கு வாலடி முள் இல்லை. துடுப்பு முட்கள் நஞ்சுள்ளவை.

நீலக் குஞ்சுகள்

நீல நிறத்தில் சந்தைக்கு வருபவற்றில் இரண்டு முக்கியமானவை. ஒன்று ரீகல் டாங் அல்லது ஹிப்போ டாங்; 2003-ல் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தின் டோரி. உடல் நீலம், வால் மஞ்சள், பக்கத்தில் கறுப்புப் பட்டை. இந்தியப் பெருங்கடலில் பிடிபடுபவற்றின் வயிறு மஞ்சளாக இருப்பது வழக்கம். குஞ்சும் பெரியதும் ஏறக்குறைய ஒரே தோற்றம் என்பதால் அடையாளக் குழப்பம் இல்லை. அளவுக் குழப்பம்தான் உண்டு. நாணயம் அளவில் வாங்கும் குஞ்சு 30 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது.

மற்றது பவுடர் புளூ. மாலத்தீவு, இலங்கை, அந்தமான் கடல்களில் வாழ்வது. வெளிர்நீல உடல், கறுத்த முகம், வெள்ளைத் தொண்டை, மஞ்சள் முதுகுத் துடுப்பு. வேறெதோடும் குழம்பாத மீன். ஆனால் தோல்நோய் தொற்றுவதில் முதல் வரிசை, சண்டையிலும் முதல் வரிசை. முதன்முதலாக டாங் வளர்ப்பவர் இதைத் தொடாமலிருப்பது நல்லது.

எந்தக் குஞ்சுக்கு எந்தத் தொட்டி

குஞ்சின் அளவைப் பார்த்துத் தொட்டி வாங்குவது பணத்தை இரண்டு முறை செலவழிக்கும் வழி. பாறைத்திட்டுகளில் நாள் முழுவதும் அலைந்து மேயும் மீன் இது. ஆழத்தைவிட நீளம் முக்கியம். யெல்லோ டாங், கோலே டாங் ஆகியவற்றுக்கு 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரம், அதாவது ஏறத்தாழ 340 லிட்டர் என்பது தொடக்க அளவு. ரீகல், பவுடர் புளூ ஆகியவற்றுக்கு 6 × 2 × 2 அடி, சுமார் 680 லிட்டர். இந்தியப் பெருங்கடல் செயில்ஃபின் டாங் குஞ்சு மஞ்சள், கறுப்புப் பட்டைகளோடு துடுப்பை விரித்து மயக்கும். அது 40 சென்டிமீட்டர் வரை வளரும். ஆறடித் தொட்டியே அதற்கு நெருக்கடிதான்.

வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஹவாய்க் கடலில் யெல்லோ டாங் நாற்பது வயதை எட்டியது ஆய்வாளர்களால் பதிவாகியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைக்காக வாங்கும் குஞ்சு அந்தப் பிள்ளையின் திருமணத்தையும் பார்க்கலாம்.

பிடித்ததா, பொரித்ததா

சர்ஜன் மீன்களில் பெரும்பாலானவை இன்றும் கடலில் பிடித்து விற்கப்படுபவை. முட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது. பொரித்து வரும் கண்ணாடிபோன்ற இளம் உயிரி வாரக்கணக்கில் திறந்த கடலில் மிதந்து திரியும். அதன் வாய்க்குள் நுழையும் அளவு நுண்ணுணவு கொடுப்பதே பெரும் சவால். ஹவாயின் ஓஷியானிக் இன்ஸ்டிடியூட் 2015-ல் யெல்லோ டாங்கைத் தொட்டியிலேயே பொரிக்கவைத்துக் குஞ்சுப் பருவம் வரை கொண்டுவந்தது. 2016-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வகம் ரீகல் டாங்கில் வெற்றி கண்டது. 2017-ல் ஹவாய் உச்ச நீதிமன்றம் அலங்கார மீன் பிடிப்புக்குச் சுற்றுச்சூழல் ஆய்வு தேவை என்று தீர்ப்பளித்த பிறகு அங்கிருந்து வந்த யெல்லோ டாங் வரத்து சுருங்கியது. பண்ணைக் குஞ்சுகளின் மதிப்பு கூடியது.

பண்ணைக் குஞ்சு பெல்லட் தின்னப் பழகியே வரும். கடலில் பிடித்த குஞ்சு, தொட்டி உணவை உணவென்று அறியாமலே சில நாள் பட்டினி கிடக்கலாம். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாப் பகுதிகளில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. பண்ணைக் குஞ்சு கிடைக்குமானால் விலை கூடினாலும் அதையே வாங்கலாம்.

கடையில் பார்க்க வேண்டியவை

சென்னையில் கொளத்தூர் சந்தை பெரும்பாலும் நன்னீர் மீன்களுக்குப் பேர்போனது. கடல்மீன் கடைகளும் அங்கு உண்டு. எங்கு வாங்கினாலும் வந்திறங்கிய அன்றே வாங்காமல் முன்பணம் கொடுத்து ஒரு வாரம் கடையிலேயே விட்டுவைப்பது அனுபவசாலிகளின் வழி. வாங்கும் நாளில் இவற்றைப் பார்க்க வேண்டும்:

1. மீன் நேருக்கு நேர் முகம் காட்டும்போது வயிறு உட்குழிந்து, தலைக்குப் பின்னால் முதுகு கத்திபோல் ஒடுங்கியிருந்தால் நீண்ட பட்டினி. வாங்க வேண்டாம்.
2. கடைக்காரரைத் தீனி போடச் சொல்லுங்கள். கண் முன்னால் தின்னாத குஞ்சு வீட்டிலும் தின்னும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.
3. செவுள் வேகமாக அடித்துக்கொண்டு, மீன் தண்ணீர்க் குழாயின் வாயிலேயே நின்றால் செவுளில் ஒட்டுண்ணி இருக்கலாம்.
4. உடலைப் பாறையில் உரசுகிறதா, துடுப்பில் உப்புப் பரல் அளவு புள்ளிகள் உண்டா என்று பாருங்கள். அதே தொட்டியின் மற்ற மீன்களையும் பாருங்கள்.

எடுக்கும்போது வலை வேண்டாம். வால்முள் வலையில் சிக்கினால் மீனுக்கும் காயம், கைக்கும் காயம். பிளாஸ்டிக் டப்பாவில் ஒதுக்கித் தண்ணீரோடு அள்ளுவதே முறை.

முதல் ஆறு வாரம்

நேராகப் பெரிய தொட்டியில் விடுவதுதான் டாங் குஞ்சுகள் சாவதற்கு முக்கியக் காரணம். கூடவே வரும் வெண்புள்ளி நோய் தொட்டி முழுவதும் பரவிவிடும். 80 முதல் 100 லிட்டர் கொள்ளும் தனித்தொட்டி ஒன்று போதும்: நன்மை செய்யும் பாக்டீரியா படிந்து பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டுகள். மணல் வேண்டாம், பாறை வேண்டாம்.

பையை 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமப்படுத்த வேண்டும். வெளியூரிலிருந்து பல மணி நேரம் பயணம் செய்து வந்த பை என்றால் திறந்த பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து மணிக்கணக்கில் உட்கார வேண்டாம். மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அந்த நிலையில் அம்மோனியா அதிகம் நஞ்சாகாது. திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், அம்மோனியா நஞ்சாகும். தனித்தொட்டியின் உப்பளவைப் பைத் தண்ணீருக்கு ஒத்ததாக முன்கூட்டியே வைத்துக்கொண்டு மீனை உடனே மாற்றிவிடலாம். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி மீனின் உடலில் சில நாள் தங்கி, பின் விழுந்து தரையில் கூடுகட்டிப் பெருகும். கூட்டிலிருந்து வெளிவருபவை ஓரிரு நாளில் மீனைப் பிடிக்காவிட்டால் செத்துவிடும். எனவே புள்ளி மறைந்ததும் நோய் போய்விட்டது என்று நினைப்பது தவறு. அது அடுத்த சுற்றுக்குத் தயாராகிறது. தனித்தொட்டியில் தாமிர மருந்து கொடுப்பவர் கீலேட் செய்த வகையென்றால் லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம் என்ற அளவுக்குச் சில நாளில் படிப்படியாக ஏற்றி, அதை 30 நாள் குறையாமல் காக்க வேண்டும். சாதாரண அயனித் தாமிரத்துக்கு இந்த அளவு பொருந்தாது. மருந்துப் புட்டியின் குறிப்பையும் தாமிர டெஸ்ட் கிட்டையும் நம்ப வேண்டும், கண் அளவை நம்பக் கூடாது. பவளமும் இறாலும் உள்ள தொட்டியில் தாமிரம் ஒரு சொட்டும் கூடாது. பெரிய தொட்டியிலேயே நோய் வந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்து 76 நாள் அதை மீனில்லாமல் விடுவது பரவலான நடைமுறை.

நாளுக்கு எத்தனை வேளை

1985-ல் செங்கடல் சர்ஜன் மீனின் குடலில் வெறுங்கண்ணுக்கே தெரியும் ஒரு நுண்ணுயிரியைக் கண்டார்கள். அது பாக்டீரியா என்று 1993-ல் உறுதியானது. அரை மில்லிமீட்டரையும் தாண்டும் பாக்டீரியா அது. பாசி மேயும் குடல் தனக்கென ஒரு கூட்டத்தையே வைத்துக்கொண்டு வேலை செய்கிறது என்பதற்கு இது சான்று. அந்தக் குடல் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பிக்கொண்டிருக்க வேண்டும். பெரிய மீன் ஒரு நாள் பட்டினி தாங்கும். ஐந்து சென்டிமீட்டர் குஞ்சிடம் அந்தக் கையிருப்பு இல்லை.

சுஷிக்கு விற்கும் நோரித் தாள்தான் அடிப்படைத் தீனி. எண்ணெய், உப்பு, சோயா எதுவும் சேர்க்காத வெறும் தாளாக இருக்க வேண்டும். காலையில் இரு விரல் அகலத் துண்டைக் கிளிப்பில் மாட்டிக் கண்ணாடியில் ஒட்டினால் மாலைக்குள் தீர வேண்டும். மிஞ்சினால் எடுத்துவிட வேண்டும். கிளிப்பை அறியாத குஞ்சுக்குத் தாளைச் சிறிய கல்லில் ரப்பர் வளையத்தால் கட்டித் தரையில் வைத்தால், பாறையை மேய்வதாக எண்ணிக் கொத்தத் தொடங்கும். இதோடு ஸ்பிருலினா கலந்த பெல்லட், உறைந்த மைசிஸ் இறால் என்று நாளுக்கு மூன்று நான்கு முறை சிறிது சிறிதாக. ராமநாதபுரம் கடலோரத்தில் கிடைக்கும் கஞ்சிப்பாசி, கிராசிலேரியா வகையைச் சேர்ந்தது. உலகெங்கும் டாங் வளர்ப்பவர்கள் விரும்பித் தரும் தீனி அந்த வகை. சட்டப்படி சேகரித்ததாக இருந்தால் நன்னீரில் அலசிக் கொடுக்கலாம். லெட்டூஸ் வயிற்றை நிரப்பும், சத்துத் தராது.

தீனி சரியில்லாத மீனுக்குத் தலையிலும் பக்கக் கோட்டிலும் தோல் அரித்துக் குழிவிழும். தீனி மட்டுமே காரணமல்ல. தண்ணீர் முழுவதையும் ஆக்டிவேட்டட் கார்பன் வழியாகச் செலுத்தியபோது சர்ஜன் மீன்களுக்கு இந்த அரிப்பு வந்ததை 2011-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கார்பன் போடுபவர் தூள் போகக் கழுவி, தேவையான நாளில் மட்டும் போடலாம்.

தண்ணீரும் தமிழ்நாட்டு வெயிலும்

உப்பளவு 35 பி.பி.டி., அதாவது ஒப்படர்த்தி சுமார் 1.026, பி.எச். 8.1 முதல் 8.4, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் 20-க்குக் கீழ், வெப்பம் 25 முதல் 27 டிகிரி. புதுத் தொட்டி நான்கிலிருந்து ஆறு வாரத்தில் பழகிவிடும். ஆனாலும் பாறையில் பாசி பிடிக்க மூன்று மாதமாவது பொறுத்து, டாங்கைக் கடைசியாக விடுவதே சரி. இந்தியாவில் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கடலிலிருந்து பவளப்பாறை பெயர்த்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்காமல் உலர் செராமிக் கல் வைத்துப் பழக்கலாம்.

சித்திரை, வைகாசியில் அறைக்குள்ளேயே தண்ணீர் 31, 32 டிகிரிக்கு ஏறிவிடும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். ஓயாமல் நீந்தும் சர்ஜனுக்கு அது இரட்டை அடி. கோவை, மதுரை போன்ற உலர்ந்த ஊர்களில் தண்ணீர்மேல் விசிறி வைத்தால் ஓரளவு குறையும். சென்னையின் ஈரக் காற்றில் விசிறியின் பலன் குறைவு, சில்லர் தேவைப்படும். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பளவு ஏறிக்கொண்டே போகும். மின்வெட்டுக்கென பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம்.

இரவும் அண்டை வீட்டாரும்

விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்ப்பவர் பதறிப்போவதுண்டு. யெல்லோ டாங்கின் மஞ்சள் வெளிறி, பக்கத்தில் பழுப்புத் திட்டும் நடுவே வெள்ளைக் கோடும் தெரியும். அது தூக்க நிறம், காலையில் மறைந்துவிடும். ரீகல் டாங் குஞ்சு பயந்தால் பாறை இடுக்கில் ஒருக்களித்துச் செத்ததுபோல் படுத்துக்கொள்ளும். செவுள் அசைகிறதா என்று பார்த்துவிட்டு அப்படியே விடலாம்.

சண்டை பெரும்பாலும் தன்னைப்போன்ற உடல் உள்ளதோடுதான். ஒரே தொட்டியில் இரண்டு ஸீப்ராசோமா வேண்டுமென்றால் சேர்த்தே விட வேண்டும், அல்லது ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். புதிய குஞ்சைத் துளையிட்ட கண்ணாடிப் பெட்டியில் வைத்துச் சில நாள் தொட்டிக்குள்ளேயே காட்டி, விளக்கணைத்த பின் திறந்துவிட்டால் அடி குறையும். முரட்டு இனத்தைக் கடைசியில் விட வேண்டும். தொட்டிக்குள் கைவிடும்போது ரப்பர் கையுறை நல்லது. வால்முள் கிழித்த இடம் வீங்கினாலோ ஆறாமல் நின்றாலோ மருத்துவரிடம் காட்டி மீன் தொட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

தொட்டி போதாமல் போனால்

மீன் எல்லையை மீறி வளர்ந்துவிட்டால் கடற்கரைக்குக் கொண்டுபோய் விடுவது கருணையல்ல. யெல்லோ டாங், செயில்ஃபின் டாங் உட்படப் பசிபிக், இந்தியப் பெருங்கடல் மீன்கள் ஃபுளோரிடாக் கடலில் காணப்பட்டிருக்கின்றன. வீட்டுத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டவை என்று கருதப்படுகின்றன. அதோடு ஒட்டுண்ணியும் கடலில் கலக்கும். வாங்கிய கடையிலோ பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ ஒப்படைப்பதுதான் வழி. அதை வாங்கும்போதே பேசி வைத்துக்கொள்ளலாம்.

நான்கடித் தொட்டிக்கு இடமில்லாத வீட்டில் சர்ஜன் குஞ்சு வேண்டாம். பாசி மேய ஒரு மீன் வேண்டுமென்றால் லான்மோவர் பிளென்னியைக் கேளுங்கள்; சுமார் 14 சென்டிமீட்டரோடு வளர்ச்சி நின்றுவிடும், பாசி படர்ந்து பழகிய 120 லிட்டர் தொட்டியிலும் வாழும்.